படம் நிக்குதுங்க, மாப்பிள்ளை

"படம் நின்னு போச்சாட்ட இருக்குதுங்களே, மாப்பிள்ளை" என்றார் கிட்டுசாமி.

இளங்குமரன் மாமனாரின் தோளுக்கு மேலாக எட்டிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். மூலனூர் யூனிட்டின் தையல் கூடம் அங்கே மாட்டிய கேமரா வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. வரிசையாகத் தையல் மெஷின்கள், ஒவ்வொரு மெஷினிலும் பாதி தைத்த நீல நிற டீ-ஷர்ட், மூன்றாவது மேஜையின் மேல் தூங்கும் ஒரு பூனை. எல்லாம் இருந்தன. ஆட்களை மட்டும் காணோம். திங்கட்கிழமை காலை, வேலை மும்முரமாக நடக்க வேண்டிய நேரம் அது.

"நேத்து நீங்க போய் மாட்டுனீங்கல்லங்க, அப்ப எடுத்த படமுங்க இது. ஞாயித்துக்கெழம படம். அப்பிடியே நின்னுக்கிச்சு" என்று காரணத்தையும் மாமனாரே எடுத்துக் கொடுத்தார்.

"கீழ டைம் ஓடுதுங்களே மாமா."

கிட்டுசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் தேதி 1970, ஜனவரி ஒன்று என்று இருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, நான் அப்ப பொறக்கவே இல்லீங்க" என்றார் அவர், மிக மரியாதையாக.

அந்த மலிவு கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு பேட்டரிகூடக் கிடையாது. கரண்ட் போய் வந்தால் ஆதிகாலத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். இளங்குமரனுக்கு அது தெரியும். இருந்தாலும் மாமனார் சொன்ன பிறகு அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கடிகாரத்தை எழுதுவது ஒரு பக்கம், படத்தைப் பிடிப்பது வேறொரு பக்கம்; ஒன்று நின்றாலும் மற்றது ஓடும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததையும் அன்றைக்கே படித்துத் தொலைத்தான். அதோடு சந்தேகம் உறுதியானது.

கேமராவில் படம் வருவதும் வராததும் உங்களுக்கும் எனக்கும் பெரிய விஷயமில்லை. இளங்குமரனுக்கு அதில்தான் வாழ்க்கையே இருந்தது. கோயமுத்தூரில் அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லி மனைவி அனுப்பிரியாவோடு நல்லூரில் மாமனார் வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. மாமனாரின் பனியன் கம்பெனி ஆபீசில் அவனுக்கு ஏசி அறை உண்டு, ஜெனரல் மேனேஜர் என்று அச்சடித்த அட்டை உண்டு. வேலைதான் இல்லை. கூரியர்காரன் வந்தால் கையெழுத்துப் போடுவான். வீட்டோட மாப்பிள்ளை என்று யாரும் அவன் காதுபடச் சொன்னதில்லை. கொங்கு நாட்டில் அதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "மாப்பிள்ளை சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற விதத்திலேயே அது வந்துவிடும்.

அப்போதுதான் கம்பெனியின் சரக்கை வாங்கும் டென்மார்க் பையர் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஆர்டர் தொடர வேண்டுமென்றால், மூலனூர் யூனிட்டில் தையல் நடப்பதை நினைத்த நேரத்தில் நேரடியாகப் பார்க்க வேண்டும். அந்தப் படம் வேறு நாட்டு கம்ப்யூட்டர் எதன் வழியாகவும் வரக் கூடாது.

கிட்டுசாமி அந்தப் பொறுப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தில், அத்தனை பங்காளிகளும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, "என்ற மாப்பிள்ளை கேமராவ ஓட வெச்சார்னா, அன்னைக்கிருந்து மூலனூர் யூனிட்டு அவருதுங்க" என்று வாக்குக் கொடுத்தார். இளங்குமரனுக்கு அதன் பிறகு பாயசம் இறங்கவில்லை.

அனுப்பிரியா மறுநாளே தாராபுரம் ரோட்டில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்து வைத்துவிட்டாள். "யூனிட்டு நம்ம கைக்கு வந்துருச்சுன்னா தனி ஊடு போயிரலாமுங்க. கிச்சன்ல ஜன்னல் பெருசா இருக்குது" என்றாள்.

ஆனால் கடையில் மாமனார் வாங்கிக் கொடுத்த கேமராக்கள் நான்கும் அடிமாட்டு ரகம். பிடித்த படத்தை முதலில் கடல் தாண்டி எங்கோ அனுப்பிவிட்டுப் பிறகுதான் நல்லூருக்குக் காட்டும். அதைத் தடுக்க ஒரே வழி, கேமராவை இயக்கக் கம்பெனிக்காரன் உள்ளே போட்ட மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரைத் துடைத்துவிட்டு, உலகத்தில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாக வைத்திருக்கும் திறந்த ஃபர்ம்வேரைப் போடுவது. இளங்குமரன் படித்தது மெக்கானிக்கல். ஆனாலும் வீடியோ பார்த்து, படித்து, மெமரி கார்டில் ஏற்றி, அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு கேமராக்களிலும் போட்டு மாட்டிவிட்டு வந்தான். வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலையில்தான் படம் நின்றுபோனது.

"நான் இப்பவே மூலனூர் போய்ப் பாத்துட்டு வந்துர்றனுங்க மாமா" என்று எழுந்தான்.

"வேண்டாமுங்க மாப்பிள்ளை" என்று கிட்டுசாமி அவசரமாகக் கையைப் பிடித்தார். "வேலை நாள்ல நீங்க போனீங்கன்னா, முதலாளி ஊட்டு மாப்பிள்ளை வந்துட்டாருன்னு அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுக்குவாங்க. அப்புறம் காப்பி வாங்கியாறேன், எளநி வெட்டறேன்னு அன்னைக்கிப் புரொடக்‌ஷனே போயிருமுங்க. ஞாயித்துக்கெழம போங்க. நிதானமாப் பாருங்க. என்ன அவசரமுங்க?"

நியாயம்தானே என்று தோன்றியது. போன முறை மாமனாரோடு அவருடைய காதர்பேட்டை பனியன் கடைக்குப் போனபோது, வியாபாரத்தை விட்டுவிட்டு மூன்று பேர் அவனுக்கு நாற்காலி துடைத்தார்கள்.

ஆகவே அந்த வாரம் முழுக்க ஆபீசில் இருந்தபடியே வைத்தியம் பார்த்தான். கேமராவில் ஞாபக சக்தி குறைவு, அதனால் திணறுகிறது என்று முடிவு செய்து படத்தின் அளவைக் குறைத்தான். கூடம் மங்கியது. ஆட்கள் வரவில்லை. நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கைக் குறைத்தான். பூனை தூங்குவது விட்டுவிட்டுத் தெரிந்தது. ஆட்கள் வரவில்லை.

"அதே நீல டீ-ஷர்ட்டுங்க, அதே மேஜைங்க" என்றார் கிட்டுசாமி வருத்தமாக. "பரவால்லீங்க. நீங்க பாக்காததா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனான். வாட்ச்மேன் சோணைமுத்து, சிவகங்கைப் பக்கத்து ஆள், கூடத்தைப் பெருக்கித் துடைத்து, விளக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார். இளங்குமரன் ஏணியைப் போட்டு ஏறி, முதல் கேமராவில் புத்தம் புது ஃபர்ம்வேரைப் போட்டான். புதியதில் வசதிகள் அதிகம், ஆகவே உருவமும் பெரிது. கேமராவுக்குள் இருந்த இடமோ கைக்குட்டை அளவு. பாதி போனதும் இடம் போதாமல் அது அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. என்ன செய்தும் அணையவில்லை.

"உசுரு இருக்குல்ல மாப்ள சார்?" என்று கீழேயிருந்து சோணைமுத்து கேட்டார்.

"இல்லீங்க" என்றான் இளங்குமரன்.

பயந்துகொண்டே மாமனாரிடம் சொன்னான். ஒரு லேபிளைக் கோணலாகத் தைத்ததற்காக ஒரு டெய்லரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிய மனுசன் அவர். ஆனால் கேமரா செத்த செய்தியைக் கேட்டு அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. "போனாப் போகுதுங்க. இன்னும் மூணு இருக்குதல்லங்க" என்றவர், உள்ளே திரும்பி, "தெய்வாத்தா, மாப்பிள்ளைக்கு இன்னைக்கு நாட்டுக்கோழி அடி" என்று மனைவிக்குச் சத்தம் கொடுத்தார்.

இளங்குமரனுக்குக் கோழி ருசிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது கேமராவுக்குப் பழைய ஃபர்ம்வேரே போதும், நான்காவதில் இருப்பதை அப்படியே நகலெடுத்துப் போடலாம் என்று அடக்கமாக இறங்கினான். வெளியே பார்க்க நான்கும் ஒரே அச்சு. உள்ளே மட்டும் கம்பெனிக்காரன் கைக்குக் கிடைத்த சிப்பைப் போட்டிருந்தான். படம் வந்தது. தலைகீழாக வந்தது. தரை மேலேயும் ட்யூப் லைட்டுகள் கீழேயுமாக, பூனை உச்சியில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. அதைத் திருப்பப் போய் நிறமெல்லாம் ஊதாவாகிவிட்டது. பிறகு அதுவும் போய், திரை வெறும் கறுப்பாக நின்றது.

அது போவதற்கு முன்னால், திங்கட்கிழமை காலையில், கிட்டுசாமி கழுத்தைச் சாய்த்துத் தலைகீழ்ப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "தலைகீழாப் பாத்தாலும் ஆளில்லீங்களே, மாப்பிள்ளை" என்றார்.

அன்றைக்கும் கோழிதான்.

"எங்கப்பா ஒருத்தருகிட்டயும் இத்தனை பொறுமையா இருந்து நான் பாத்ததே இல்லீங்க" என்றாள் அனுப்பிரியா, இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "உங்க மேல அவருக்குத் தனிப் பாசம்."

"அதுதான் அனு என்னியக் கொல்லுது."

"கவலப்படாதீங்க. அந்த ஊட்டுக்காரங்ககிட்ட இன்னுங் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கறேன்."

ஆபீசில் பையருக்கு மெயில் போடும் பொண்ணு யாழினி. அவள் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், டென்மார்க்ல இருந்து மறுபடியும் கேட்டிருக்காங்க. என்ன எழுதட்டுங்க?"

"எப்பவும் என்ன எழுதுவீங்க?"

"உங்க பேரைத்தானுங்க சார் எழுதுவோம். எங்கள் தலைமை இன்ஜினியர் திரு. இளங்குமரன் கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்னு. ஐயாதான் ஒவ்வொரு தடவையும் உங்க பேரை மறக்காமப் போடச் சொல்லுவாருங்க."

கண் காணாத டென்மார்க் வரைக்கும் தன் பெயர் கெட்டுக்கொண்டிருப்பதை அன்றுதான் அவன் தெரிந்துகொண்டான். இதுவரை நல்லூர் எல்லையோடு நின்றிருந்த அவமானம் அது.

கடைசி முயற்சியாக, திறந்த ஃபர்ம்வேர்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் தன் துன்பத்தையெல்லாம் எழுதி, நல்லபடியாக இருந்த நான்காவது கேமராவின் வீடியோவையும் இணைத்தான். எந்த நாட்டுக்காரனோ ஒருவன் பதில் போட்டான். படம் நிற்கவில்லை, பூனையின் வாலைப் பார், ஆடுகிறது என்று.

இளங்குமரன் உற்றுப் பார்த்தான். வால் ஆடியது போலவும் இருந்தது, ஆடாதது போலவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பூனை அங்கேதான் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருவேளை ஞாயிற்றுக்கிழமைத் துண்டையே கேமரா திரும்பத் திரும்ப ஓட்டுகிறதோ?

'பூனை இருக்கட்டும், வேலை செய்யும் ஆட்கள் ஏன் தெரியவில்லை?' என்று எழுதினான்.

'ஆட்களை வரவழைக்க எங்கள் ஃபர்ம்வேரில் வசதி இல்லை, நண்பரே' என்று பதில் வந்தது.

குசும்பு பிடித்தவன் என்று அவனைத் திட்டிவிட்டு, இளங்குமரன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கேமராவைப் பிளந்து, உள்ளேயிருக்கும் பலகையில் நேரடியாக வயர் வைத்துப் பற்றவைத்துக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கப் பார்த்தான். அது ஒரு வார்த்தை பேசியது. அடுத்து புகைந்தது. சோணைமுத்து ஓடிப் போய்ச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார்.

நான்காவதை அவன் தொடவில்லை. தொட்டதெல்லாம் சாம்பலாகும் கையாக இருக்கிறதே என்று தன் கையையே பார்த்துக்கொண்டு வீடு திரும்பினான். மாமனார் வாசலில் நின்றிருந்தார். தோளில் தட்டிக்கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். அன்று கோழியோடு ஆட்டுக்கால் சூப்பும் இருந்தது. இளங்குமரன் சாப்பிட்டுக்கொண்டே அழுதான். காரம் என்று சொல்லிச் சமாளித்தான்.

மறுநாள் யாழினி ஓடிவந்தாள். "சார், பையர் மேடம் நாளானைக்கிக் கண்டிப்பாப் பாக்கறாங்களாமுங்க. படம் வரலைன்னா இங்கிருந்தே ஆளை விட்டு யூனிட்டை நேராப் பாக்கறாங்களாம்."

கிட்டுசாமி அந்தச் செய்தியைக் கேட்டு முதல்முறையாகக் கொஞ்சம் வெளிறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "எழுது கண்ணு. எங்க மாப்பிள்ளை முக்கால்வாசி முடிச்சுட்டாரு, இன்னொரு மாசம் டைம் குடுங்கன்னு எழுது" என்றார்.

முக்கால்வாசி முடித்துவிட்டான் என்பது உண்மைதான். நான்கில் மூன்று முடிந்திருந்தன.

தன்னால் இந்த மனிதரின் ஆர்டரே போகப் போகிறது என்ற நினைப்பு இளங்குமரனை உட்காரவிடவில்லை. தங்க இடமும், சோறும், போட்டுக்கொள்ளப் பட்டமும் கொடுத்த மாமனார். பங்காளிகள் முன்னால் தன்னை உயர்த்திப் பேசியவர். அவருக்குச் செய்கிற கைம்மாறு இதுதானா? செவ்வாய்க்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்தான். ஆட்கள் எழுந்து நின்றால் நிற்கட்டும், இளநீர் வெட்டினால் வெட்டட்டும். வேலை நடக்கும்போது கேமரா எந்த இடத்தில் சிக்குகிறது என்று நேரில் பார்க்காமல் இனிப் பயனில்லை. அதுவும் முடியாவிட்டால் மாமனாரின் காலில் விழுந்து, யூனிட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், காதர்பேட்டைக் கடையில் மூட்டை கட்டப் போடுங்கள் என்று கேட்டுவிடுவது என்று தாராபுரம் தாண்டும்போது முடிவு செய்தான்.

மூலனூர் யூனிட்டின் கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் நாற்காலியில் சோணைமுத்துவின் துண்டு மட்டும் கிடந்தது. இளங்குமரன் தலையைக் கோதிக்கொண்டு, எழுந்து நிற்கப் போகும் நூறு பேரிடமும் 'உக்காருங்க, உக்காருங்க' என்று சொல்லத் தோதாக ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு கூடத்துக் கதவைத் தள்ளினான்.

யாரும் எழுந்து நிற்கவில்லை.

வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் பாதி தைத்த நீல நிற டீ-ஷர்ட். மூன்றாவது மேஜையில் பூனை. அது ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இளங்குமரன் மெதுவாகப் போனை எடுத்து நான்காவது கேமராவின் படத்தைத் திறந்தான். வரிசையாகத் தையல் மெஷின்கள், நீல டீ-ஷர்ட்டுகள், பூனை. கதவருகே வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஆள். அவன் வலது கையைத் தூக்கினான். மலிவு கேமரா அல்லவா, கொஞ்சம் யோசித்தது. பிறகு படத்திலிருந்த ஆளும் வலது கையைத் தூக்கினான்.

"ஓடுது!" என்று கத்தினான் இளங்குமரன். ஆனந்தத்தில் இரண்டு கையையும் ஆட்டினான். படத்தில் இருந்தவனும் ஆட்டினான். முதல் நாளிலிருந்தே ஓடியிருக்கிறது! தான் போட்ட ஃபர்ம்வேர், முதல் தடவையிலேயே, பிசகில்லாமல்!

ஆட்டிய கை பாதியில் நின்றது. அப்படியானால் ஆட்கள் எங்கே?

சத்தம் கேட்டுப் பின்பக்கமிருந்து சோணைமுத்து தூக்குவாளியும் கையுமாக ஓடிவந்தார். அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "செவ்வாக்கெழமையில வந்திருக்கீக?" என்றார்.

"இங்க ஆருமே வேலைக்கு வர்றதில்லீங்களா?"

இனி மறைத்து என்ன பயன் என்று சோணைமுத்துவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "வடக்கத்திப் புள்ளைக தீவாளிக்கு ஊருக்குப் போனதுதான், திரும்பலைங்க. உள்ளூருலயும் ஆள் அகப்படலை. சரக்கெல்லாம் வெளிய, வீடு வீடாக் குடுத்துத்தான் தைக்கிறாக. அது அந்த வெளிநாட்டு அம்மாவுக்குத் தெரிஞ்சா ஆர்டரே கெடையாதாம்ல. மாப்ளகிட்ட வாயத் தொறந்தா வேலை போயிரும்னு மொதலாளி சொல்லிப்புட்டாரு."

இளங்குமரன் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். தனி வீடும், பெரிய ஜன்னல் வைத்த கிச்சனும் கண்முன்னே வந்து போயின. மூன்று நல்ல கேமராக்களைக் கொன்ற கை மடியில் கிடந்தது. "எல்லாம் சரிங்க" என்றான் குரல் உடைய. "அத்தனை பேரு முன்னால என்னிய நம்பி இந்தப் பொறுப்பக் குடுத்தாருங்களே. அந்த நம்பிக்கையாச்சும் நெசந்தானுங்களே?"

சோணைமுத்துவுக்கு மனசு பொறுக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார்.

"அதுல ஒரு கொறையும் நெனைக்காதீக மாப்ள, மொதல்ல வந்த கேமராக்காரப் பய மத்தியானச் சோத்துக்குள்ள படத்த ஓட விட்டுப்புட்டான், அவனக் கையோட வெரட்டிவிட்டுட்டு, 'என்ற மாப்பிள்ளைகிட்டக் குடுத்தா இது ஆயுசுக்கும் ஓடாது சோணைமுத்து'ன்னு மொதலாளி அம்புட்டு நம்பிக்கையாச் சொன்னாரு."